தேரை மட்டும் காட்டாதீர்கள், அட்டையைத் திருப்பியும் காட்டுங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய திருவிழா அஞ்சலட்டைகளைச் சேர்க்கிற, விற்கிற, பகிர்கிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் பார்த்துத் தெரியும். மீதிப் பேரை, பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நல்ல அட்டைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடும் வேகத்தை வைத்துத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய தைப்பூச அட்டையோ வேறு ஏதாவது ஊர்த் திருவிழா அட்டையோ கிடைத்து அதைப் படமெடுத்துப் போடும்போது பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். முன்பக்கத்தை ஓரம் வெட்டாமல் போடுங்கள். கம்ப்யூட்டரில் கொடுத்து வண்ணம் பூசாதீர்கள். மனு இவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேரம் இருப்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்கிறேன். தை பிறந்தால் போதும், ஒரே படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். பினாங்கு வெள்ளித் தேர், முன்னால் காளைகள், சுற்றிலும் வேட்டி கட்டிய கூட்டம், கீழே மஞ்சள் எழுத்தில் 1890ஆம் ஆண்டுத் தைப்பூசம் என்று ஒரு வரி. நகரத்தார் அந்த வெள்ளித் தேரைக் காரைக்குடியில் செய்து கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவந்தது 1894இல். ஊருக்கே வராத தேர் நாலு வருடத்துக்கு முன்னால் எந்தத் தெருவில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கோயில் மலரிலும் அதே படம் அதே ஆண்டோடு வந்ததைப் பார்த்தேன், எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை, அவர்களும் பாவம் நம்மில் யாரோ போட்டதை நம்பித்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு. நாளைக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை ஆய்வேட்டில் அதை எடுத்துப் போடும், நாம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்தில் பாதியாவது அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தீர்ந்துவிடும். ஆரம்ப கால அட்டைகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். எழுதுகிறவர் நலம் விசாரிப்பதானால் முன்பக்கத்தில், படத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ விட்டிருக்கும் வெள்ளை இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுத வேண்டும். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பாதி செய்திக்கு, அந்தப் பாதி முகவரிக்கு என்று பிரிட்டன் அனுமதித்தது 1902இல்தான். ஜெர்மனி 1905, அமெரிக்கா 1907 என்று மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. ஆக, நடுக்கோடு இல்லாத பின்பக்கம் என்றால் அந்த அட்டை பெரும்பாலும் 1900ஐ ஒட்டிய ஏழெட்டு வருடத்துக்குள் அச்சானது. நடுக்கோடு இருந்தால் அதற்குப் பிந்தியது. இதைச் சொல்ல நிபுணர் யாரும் வேண்டாம், திருப்பத் தெரிந்த கை போதும். இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. அந்தப் பழைய அட்டைகளின் முன்பக்க வெள்ளை ஓரம் அழுக்காக இருக்கிறது என்று வெட்டிவிட்டுத் தேரை மட்டும் போடுகிறீர்களே, எழுதியவர் தன் சேதி முழுவதையும் எழுதி வைத்த இடம் அதுதான்.

பதிப்பித்தவர் பெயரும் பல அட்டைகளில் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். பினாங்கில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெர்மானியர் ஆகுஸ்ட் கவுல்ஃபுஸ், சிங்கப்பூர் ஜி. ஆர். லாம்பெர்ட் நிறுவனம், இவர்களைச் சேகரிப்பாளர் எல்லாருக்கும் தெரியும். எஸ். எம். மாணிக்கம், பினாங்கு என்று அச்சிட்ட அட்டைகளை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரிகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழர் பினாங்குக் காட்சிகளை அட்டையாகப் போட்டு விற்றிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய சங்கதி. அந்தப் பெயர் இருக்கும் ஓரத்தைத்தான் நாம் கத்தரித்துத் தள்ளுகிறோம். லாம்பெர்ட், கவுல்ஃபுஸ் அட்டைகளைத் தேடி அலைகிறவர்கள் மாணிக்கம் அட்டையைப் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தபால்தலை, முத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையில் ஏழாம் எட்வர்ட் இருக்கிறாரா, ஐந்தாம் ஜார்ஜ் இருக்கிறாரா என்பதே பத்து வருடக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருந்தால் அதற்கு மேல் அதிர்ஷ்டம் கிடையாது. ஆனால் முத்திரைத் தேதி அட்டை தபாலில் போன தேதி மட்டும்தான், படம் எடுத்த தேதியாக நினைத்துவிடக் கூடாது. நன்றாக விற்கிற ஒரு கண்ணாடி நெகட்டிவை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் அச்சடித்தவர்கள் உண்டு. எனவே முத்திரை மேல்வரம்பைச் சொல்லும், கீழ்வரம்பைப் படத்துக்குள் தேட வேண்டும். வெள்ளித் தேர் இருந்தால் 1894க்குப் பிறகு. கடற்கரைப் பக்கம் விக்டோரியா நினைவு மணிக்கூண்டு முழுதாக நின்றால் 1902க்குப் பிறகு. தெருவில் தண்டவாளமும் தலைக்கு மேலே ஒற்றைக் கம்பியும் ஓடினால் அது 1906இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமுக்கானது. இரட்டைக் கம்பி தெரிந்தால் டிராலிபஸ், அது வந்தது 1925இல். பத்துமலை அட்டையில் மரப்படி இருந்தால் 1920க்குப் பிந்தியது, சிமெண்டுப் படி என்றால் 1940ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. கம்பி மேலே வானத்தில் இருக்கிறது, தண்டவாளம் கீழே மண்ணில் இருக்கிறது. நீங்கள் சாமி நன்றாகத் தெரியட்டும் என்று மேலும் கீழும் வெட்டும்போது போவது இந்த இரண்டும்தான்.

இதோடு தபால்தலை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இந்த மடலையும் அவர்கள் படிப்பார்கள் என்று தெரியும். அண்ணன்மார்களே, வெந்நீரில் ஊறவைத்துத் தலையை உரித்துவிட்டு அட்டையைக் குப்பை விலைக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் சாதாரணத் தலைகள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. அது ஒட்டியிருந்த அட்டை இன்னொன்று கிடைக்காது.

ஏன் இப்படிக் கத்துகிறேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரு அட்டையைக் காட்டுகிறேன். உண்மையான புகைப்படத் தாளில் எடுத்த பிரதி அது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சுப்புள்ளி எதுவும் தெரியாது, கறுப்பாக இருக்கும் இடங்களில் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடிபோல ஒரு வெள்ளிப் பளபளப்பு. பினாங்கு வீதியில் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து செட்டிப்பூசத்தன்று, அதாவது தைப்பூசத்துக்கு முந்தின நாள், புறப்பட்ட தேர். காளைகளின் கொம்புக்கு நடுவே யாரோ ஒருவர் பின்னோக்கி நடந்துகொண்டே இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொல்கிறார். இடது ஓரத்தில் அஞ்சடி என்கிற கடை முன் நடைபாதையின் தூண் ஒன்றின் மேல் சாய்ந்தபடி ஒரு சீனப் பெரியவர், பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் உடைக்கத் தயாராகத் தேங்காய்கள். வலது ஓரத்தில் ஒரு தலைப்பாகை போலீஸ்காரர் பாதி உடம்போடு நிற்கிறார், மீதிப் பாதி படத்துக்கு வெளியே. விற்றவர் எனக்கு அனுப்பிய படத்தில் இந்தப் பெரியவரும் இல்லை, தேங்காயும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. தேர் மட்டும். பின்னால் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருக்கிறது, அதனால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார். சரி என்று வாங்கினேன்.

அந்தக் கிறுக்கல் தமிழ். செட்டிநாட்டுக்குப் போன அட்டை. எழுதியவர் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், கணக்குப் பார்த்த இளைஞராக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தேரோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்களாம், பெட்டியைப் பார்த்துக்கொள்ள இவரை விட்டுவிட்டுப் போனார்களாம், தேர் மறுபடி கோயில் வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் வாசலில் நின்று கும்பிட்டாராம். அப்புறம் ஊரில் ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பற்றி விசாரிப்பு. மேலே துன்மதி வருஷம் மாசி மாதம் என்று போட்டிருக்கிறார். தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும், துன்மதி 1861இலும் பிறந்திருக்கிறது, 1921இலும் பிறந்திருக்கிறது. தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருப்பதால் 1921இல் பிறந்த துன்மதிதான், அதன் மாசி என்றால் 1922 பிப்ரவரி பாதிக்கு மேல், தைப்பூசம் முடிந்த கையோடு. விற்றவர் அதை 1900 என்று போட்டிருந்தார். தலையும் தமிழும் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்ததால்தான் எனக்கு இது பிடிபட்டது. ஒன்றை உரித்திருந்தாலும் கதை முடிந்தது.

சந்தையில் இதற்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். எழுதாத சுத்தமான அட்டைக்கு ஒரு விலை, வெள்ளைக்காரர் எழுதியதற்கு ஒரு விலை, தமிழில் எழுதியிருந்தால் அழுக்கு என்று தள்ளுபடி. இந்த விலைப்பட்டியலை வகுத்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த நாமும் அதே பட்டியலைப் பிடித்துக்கொண்டு விற்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். துரைமார்கள் ஊருக்கு எழுதிய அட்டைகளில் பெரும்பாலும் வெயில் தாங்கவில்லை, கப்பல் நாளைக்கு, அன்புடன் இன்னார். திருவிழாவுக்குப் போக முடியாமல் பெட்டியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் குரல் நம் எழுத்தில்தான் கிடைக்கும்.

வண்ணம் பூசும் விவகாரத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் சூடாகத்தான் பேசுவேன். பழைய வண்ண அட்டைகளே வண்ணப் புகைப்படம் கிடையாது. படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில், நிறம் சேர்த்தது அச்சகத்தில், பல நேரம் ஜெர்மனியில். அங்கே உட்கார்ந்து நிறம் போட்டவர் காவடியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அதனால்தான் சில அட்டைகளில் மஞ்சள் வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவும் தெரிகின்றன. அது அந்தக் காலத்துக் கோளாறு, அதுவும் ஒரு சாட்சி, இருக்கட்டும். இன்றைக்கு நாம் செய்வது வேறு. செயற்கை நுண்ணறிவில் போட்டு, கீறலை எடு, தூசியை எடு, நிறம் கொடு என்கிறோம். அது எதைக் கீறல் என்று நினைக்கிறது தெரியுமா? கன்னத்தில் குத்திய அலகை. எதைத் தூசி என்கிறது? நெற்றியிலும் மார்பிலும் இருக்கும் திருநீற்றை. நண்பர் ஒருவர் அப்படிச் சுத்தம் செய்த படத்தை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அலகு குத்தியவர் வாய் மூடி சாதுவாக நிற்கிறார், மயில்பீலி பழுப்பு நிறத் துடைப்பமாகிவிட்டது, பின்னால் கடைப் பலகையில் இருந்த எழுத்து எந்த மொழியிலும் சேராத கோலமாகியிருக்கிறது. ஆயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள். பூச ஆசையாக இருந்தால் பூசிக்கொள்ளுங்கள், ஆனால் மூலப்படத்தையும் அதே பதிவில் கீழே போட்டுவிடுங்கள்.

லேமினேட் செய்வதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது. பசை ஒட்டும் ஆல்பத்தில் வைக்காதீர்கள், வாசனை வரும் பிவிசி உறையும் வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் உறை போதும். பினாங்குக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். அட்டையின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் உங்கள் வரிசை எண்ணை எழுதுகிறவர்கள் தயவுசெய்து உறையின் மேல் எழுதுங்கள்.

போலிகளைப் பிடிக்கவும் பின்பக்கம்தான் கைகொடுக்கும். சுற்றுலாக் கடைகளில் பழைய படங்களை மறு அச்சடித்து விற்கிறார்கள், அதில் தப்பில்லை, நானும் வாங்கி உறவினர்களுக்கு அனுப்புவேன். அவற்றைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிப் பழசு என்று விற்பவர்களால்தான் தொல்லை. காசு நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று இருந்தால் போதும். 1950க்கு முந்தைய தாளில் வெளுப்புச் சாயம் இருக்காது, விளக்கடியில் மந்தமாகவே கிடக்கும். புதுத் தாள் நீலமாகப் பளிச்சென்று மின்னும். போலியின் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மையாக இல்லாமல் அச்சுப்புள்ளியாக இருக்கும். பின்பக்கப் படத்தைக் கேட்டதும் ஒரு விற்பனையாளர் பேச்சை மாற்றினால் நீங்களும் கடையை மாற்றுங்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கிறதே, அடுத்தவர் கடிதத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துவிட்டு ஊர், தலை, முத்திரை, எழுத்து இவற்றைக் காட்டுங்கள், சேதியில் குடும்பச் சங்கடம் ஏதாவது இருந்தால் அதையும் மறைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகப் போட்டால் எவனாவது எடுத்து அச்சடித்து விற்றுவிடுவான் என்று இன்னொருவர். உண்மைதான், எடுக்கிறார்கள். நல்ல தரத்தில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து நீங்கள் வைத்துக்கொண்டு, பொதுவில் சின்ன அளவில் போடுங்கள். பின்பக்கத்தைத் திருடி எவனும் மக் கோப்பையில் அச்சடிக்க மாட்டான், அதில் பயமே வேண்டாம்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலக அலமாரியில் பழைய படங்கள் கட்டாகக் கிடக்கும். நூற்றாண்டு விழா, குடமுழுக்கு என்று வந்தால் அவற்றை எடுத்துச் சார்ட் அட்டையில் கோந்து போட்டு ஒட்டிக் கண்காட்சி வைப்பது நம் வழக்கம். ஒட்டினால் பின்பக்கம் போச்சு. ஸ்டுடியோ முத்திரை, நிற்பவர்களின் பெயர், நன்கொடையாளர் பட்டியல் என்று என்ன இருந்தது என்பது அப்புறம் முருகனுக்கே வெளிச்சம். பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள். இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களை ஒரு மாலை வரவழைத்து டீ கொடுத்து முகங்களை அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

தைப்பூசத்தோடு நின்றுவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் காவடியையும் தேரையும் தவிர மற்றதைத் தொடுவதில்லை, சீன நண்பர்கள் சிங்கே என்ற ராட்சதக் கொடி ஊர்வலத்தை மட்டும் சேர்க்கிறார்கள், போரியா என்ற மலாய்ப் பாட்டுக் கூத்தின் அட்டைகள் யாருடைய கணக்கிலும் வராமல் கிடக்கின்றன. பினாங்கின் சூலியா தெருவிலும் அங்கே இருக்கும் நாகூர் தர்கா வாசலிலும் நின்ற தமிழ் முஸ்லிம்களின் முகங்கள் எந்த அட்டையில் யார் கையில் இருக்கின்றன? 1937 முடிசூட்டு விழா, ஜார்ஜ் டவுன் மாநகரான 1957 ஜனவரி 1, இவையெல்லாம் எல்லாருக்கும் பொதுவான விழாக்கள். ஒரு சிங்கே அட்டையில் கூட்டத்தின் ஓரத்தில் தலைப்பாகையும் தோளில் துண்டுமாக நாலு பேர் நிற்பார்கள், அவர்களை யார் என்று சொல்ல நாம்தான் போக வேண்டும். அதேபோல என் தேர் அட்டையில் இருக்கும் அந்தச் சீனப் பெரியவரின் தலைக்கு மேலே தொங்கும் கடைப் பலகையை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, தெரிந்தவர் உதவினால் எந்தக் கடை வாசல் என்றே கண்டுபிடித்துவிடலாம்.

நடைமுறைக்கு வருவோம். பின்பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்து வாசிக்க முடியாமல் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள். பழைய கணக்குப்பிள்ளைக் கையெழுத்து, புள்ளி வைக்காத எழுத்து, தமிழ் எண்கள், இவற்றை ஓரளவு வாசிப்பேன், முடியாததை வாசித்துத் தர எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், பினாங்குக்காரர், காசு வாங்கமாட்டார், ஆனால் கிட்டங்கிக் கதை கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். என்னிடம் இரட்டையாக உள்ள பத்துமலை, தண்ணீர்மலை அட்டைகளை மாற்றிக்கொள்ளவும் தயார். அடுத்த தைப்பூசத்துக்குள் உங்கள் சேகரிப்பிலிருந்து பின்பக்கத்தோடு யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் தேர்வு. மாணிக்கம் அட்டை வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கவே வேண்டாம், நேராக வாருங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்களில் ஒருவன்